ரஷ்யாவில் குலாக் முடிந்துபோன கதையா? இன்றைய புலம்பெயர் தொழிலாளர் நிலையோடு சேர்த்து ஒரு விவாதம்

துருவன்

நோரில்ஸ்க் நகரத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, நிக்கலுக்காகவே உண்டான ஊர். 1935-ல் அங்கே குலாக் முகாம் திறந்தார்கள், அதாவது ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாம். 1956 வரை சுரங்கம் வெட்டியது, உருக்காலை கட்டியது, ஊரின் பழைய தெருக்களைப் போட்டது எல்லாம் பெரும்பாலும் கைதிகள். இன்றைக்கும் அங்கே போகத் தரைவழிச் சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் கோடையில் யெனிசேய் ஆற்றுக் கப்பல். ஊர்க்காரர்கள் மற்ற ரஷ்யாவைப் ‘பெருநிலம்’ என்பார்கள், தாங்கள் ஏதோ தீவில் இருப்பதுபோல.

இப்போது அந்த ஊரில் கட்டட வேலையிலும் கடைகண்ணிகளிலும் அஜர்பைஜான், தாகெஸ்தான், மத்திய ஆசியா பக்கத்து ஆட்கள் நிறைய. 1998-ல் திறந்த மசூதி ஒன்று இருக்கிறது, உலகத்திலேயே மிக வடக்கே உள்ள மசூதிகளில் அதுவும் ஒன்று. அதே ஊருக்குள் 2001 கடைசியிலிருந்து வெளிநாட்டுக் குடிமக்கள் தனி அனுமதி இல்லாமல் நுழைய முடியாது.

கைதிகள் கட்டிய ஊர், இப்போது வெளியாட்களின் உழைப்பில் ஓடுகிறது, உள்ளே வர மறுபடியும் அனுமதிச் சீட்டு. இந்த இரண்டு காலத்துக்கும் தொடர்பு இருக்கிறதா, இல்லை நான்தான் வலிந்து முடிச்சுப் போடுகிறேனா? ரஷ்யாவில் இருந்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்புலி

வலிந்துதான் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், துருவன்.

குலாக் கைதியை நள்ளிரவில் கதவைத் தட்டிக் கொண்டுபோனார்கள். தாஜிக் இளைஞன் தானே டிக்கெட் எடுத்து மாஸ்கோவுக்கு வருகிறான். தாஜிகிஸ்தானின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி அளவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் இருந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு ரஷ்யாவில் சம்பாதித்தது. அந்தப் பக்கம் வேலை இல்லை, இந்தப் பக்கம் வேலை செய்ய ஆள் இல்லை. ரஷ்யாவில் பிறப்பைவிட இறப்பு அதிகம். இது வளைகுடாவிலும் நடக்கிறது, ஐரோப்பாவிலும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் ஸ்டாலினை இழுத்தால் எதையும் விளக்க முடியாமல் போகும்.


செந்தோழன்

கணக்குப்புலி தம்பி சொல்வதை வேறு காரணத்துக்காக ஆமோதிக்கிறேன்.

இளமையில் நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் சோவியத் புத்தகங்களை வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். அதனால் எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உண்மை இது: எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த மத்திய ஆசியாவில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் வந்தது சோவியத் காலத்தில். 1966-ல் தாஷ்கண்ட் பூகம்பத்தில் நொறுங்கியபோது எல்லாக் குடியரசுகளிலிருந்தும் ஆட்கள் போய்க் கட்டிக் கொடுத்தார்கள். அன்றைக்கு தாஜிக் ஒருவன் மாஸ்கோவில் வெளிநாட்டுக்காரன் இல்லை, அதே நாட்டின் குடிமகன். 1991-ல் நாடு உடைந்தது. 1992 முதல் 1997 வரை தாஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர். ஆலை மூடியது, பண்ணை படுத்தது, பிழைக்க வழியில்லாமல் வடக்கே கிளம்பினார்கள். அவர்களைக் கூலியடிமை ஆக்கியது முதலாளித்துவம். இதற்கு ஏன் குலாக்?


துருவன்

ஐயா, 1991-ஐப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘அதே நாட்டின் குடிமகன்’ என்ற இடத்தில்தான் சிக்கல்.

1932 டிசம்பர் 27-ல் சோவியத் அரசு உள்நாட்டுப் பாஸ்போர்ட் முறையைக் கொண்டுவந்தது, கூடவே ‘ப்ரோபிஸ்கா’ என்ற இருப்பிடப் பதிவையும். நீங்கள் எந்த ஊரில், எந்த முகவரியில் வாழலாம் என்பதைப் போலீஸ் முத்திரை தீர்மானிக்கும். கூட்டுப்பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அந்தப் பாஸ்போர்ட்டே கொடுக்கவில்லை. அது இல்லாமல் நகரத்தில் தங்க முடியாது. அவர்களுக்கும் கொடுப்பது என்று விதி மாறியது 1974-ல்தான். அதாவது ககாரின் விண்வெளிக்குப் போன பிறகும் பதிமூன்று வருடம், கிராமத்து மனிதன் தன் விருப்பத்துக்குப் பக்கத்து நகரத்தில் குடியேற முடியாது.

அப்புறம் ‘லிமிட்சிக்’ என்று ஒரு வகை. மாஸ்கோவில் கார் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் ஆள் பற்றாக்குறை வந்தபோது வெளியூர் ஆட்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் எடுத்து, தற்காலிகப் பதிவு கொடுத்து, தொழிலாளர் விடுதியில் தங்க வைத்தார்கள். வேலையை விட்டால் பதிவு போகும், பதிவு போனால் ஊரை விட்டே போகணும். அவர்களில் பெரும்பாலோர் ரஷ்யர்கள்தான். மாஸ்கோக்காரர்கள் அவர்களை ‘லிமிதா’ என்று கேவலமாகப் பேசினார்கள். இன்றைக்கு தாஜிக்குகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் அன்றைக்கு அவர்களைப் பற்றிச் சொன்னதுதான்: நம் ஊரைக் கெடுக்கிறார்கள், நம் வீட்டைப் பறிக்கிறார்கள், குடிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள்.

நான் முள்வேலி இன்னும் இருக்கிறது என்று சொல்லவில்லை. உழைப்பு வேண்டும், உழைக்கிறவன் நிரந்தரமாக இங்கே தங்கக் கூடாது, அதைக் காகிதத்தால் செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அது 1932-லிருந்து விட்டுப்போகவே இல்லை.


பழையபேட்டை

ஒரு சின்னக் கேள்வி. குலாக் கைதிகள் விடுதலையானதும் நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே? நோரில்ஸ்க், வர்குத்தா மாதிரி உறைந்த ஊர்களில் ஏன் தங்கினார்கள்?


துருவன்

இதுதான் இந்த விஷயத்தின் மையமே.

1930-லிருந்து 1953 வரை முகாம்கள் வழியாகப் போனவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் பேர். செத்தவர்கள், ஆவணத்தில் பதிவானது மட்டும் 15 லட்சத்துக்கு மேல். மீதிப் பேர் ஏதோ ஒரு நாள் வாசலுக்கு வெளியே வந்தார்கள். வந்தவர்கள் கையில் கொடுத்த காகிதத்தில் எந்தெந்த ஊர்களில் வாழக் கூடாது என்ற தடையும் சேர்ந்தே வந்தது. மாஸ்கோ, லெனின்கிராட், குடியரசுத் தலைநகரங்கள் என்று பட்டியல் நீளும். பெரிய நகரங்களிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளித்தான் தங்கலாம். அதனால்தான் ‘நூற்றியோராவது கிலோமீட்டர்’ என்ற பேச்சே ரஷ்யாவில் வந்தது. சொந்த வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். மனைவி விவாகரத்து வாங்கியிருப்பாள், வாங்காவிட்டால் அவளுக்கும் வேலை போயிருக்கும். கடைசியில் அதே சுரங்கத்தில், அதே மேலதிகாரியின் கீழ், ‘சுதந்திரத் தொழிலாளி’ என்ற பெயரில் சேர்ந்துவிடுவார்கள். பின்னாளில் வடக்குப் பகுதிக்கென்று கூடுதல் சம்பளமும் கிடைத்தது, அந்தக் காசுக்காக மற்றவர்களும் வந்தார்கள். கைதி, முன்னாள் கைதி, காவல்காரன், கம்சமோல் என்ற கட்சி இளைஞர் அமைப்பின் ஆள் எல்லோரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய ஊர்கள் இவை.

வர்குத்தாவின் இன்றைய நிலை இன்னும் வேடிக்கை. நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடிவிட்டன. 1989-ல் 1 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இப்போது பாதிதான். அடுக்குமாடி வீட்டை விற்க முடியாமல் அப்படியே விட்டுப் போகிறார்கள். தெற்கே வீடு வாங்க அரசு தரும் மானியச் சான்றிதழுக்காகப் பென்ஷன்காரர்கள் வருடக்கணக்கில் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் தாத்தாவைக் கைதியாக அங்கே கொண்டுபோக ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது.


வோல்கா_டாக்டர்

நான் வோல்கா கரையில் ஒரு நகரத்தில் மருத்துவம் படித்தவள். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது வீடு தேடியது. விடுதி பிடிக்காமல் மூன்று பேர் சேர்ந்து வெளியே அறை பார்த்தோம். விளம்பரங்களில் ‘ஸ்லாவியருக்கு மட்டும்’ என்று அச்சடித்தே போட்டிருப்பார்கள், நம் ஊரில் ‘சைவம் மட்டும்’ போடுவதுபோல எந்தக் கூச்சமும் இல்லாமல். ஃபோனில் எங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் ‘இப்போதுதான் வாடகைக்குப் போய்விட்டது’ என்பார்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாலும் பதிவு போட்டுத்தர மாட்டார். பதிவு இல்லாமல் தெருவில் நடந்தால் போலீஸ். ஆக, இருப்பிடப் பதிவைக் காசுக்கு விற்கவே ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டாவது, மருத்துவமனையில் பார்த்தது. வேலை அனுமதி வேண்டுமானால் மருத்துவச் சான்றிதழ் வேண்டும்: காசநோய், சிபிலிஸ், தொழுநோய், எச்ஐவி, போதைப்பொருள். எச்ஐவி இருந்தால் நாட்டை விட்டு அனுப்பலாம் என்று சட்டம். எங்களுக்கும் அந்தப் பரிசோதனை உண்டு. இதன் விளைவு என்ன தெரியுமா? உடம்பு சரியில்லாத கட்டடத் தொழிலாளி மருத்துவமனைப் பக்கமே வர மாட்டான். ஒரு தடவை நுரையீரல் பிரிவில் ஓர் உஸ்பெக் ஆளைக் கொண்டுவந்தார்கள், இருமலில் ரத்தம். எத்தனை நாளாக என்று கேட்டால் பதில் இல்லை. கூட வந்தவன் முந்திக்கொண்டு ‘நேற்றிலிருந்துதான், நேற்றிலிருந்துதான்’ என்றான். எக்ஸ்ரே வேறு கதை சொன்னது. எங்கள் பேராசிரியை அவனைத் திட்டவில்லை. முகவரிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். அந்த அம்மா வோல்கா ஜெர்மன் வம்சம்.

கணக்குப்புலி தம்பி, ‘தானே டிக்கெட் எடுத்து வருகிறான்’ என்பது சரி. வந்து இறங்கிய பிறகு அவன் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கணும்.


பழையபேட்டை

வோல்கா ஜெர்மன் என்றால்? ரஷ்யாவில் ஜெர்மன்காரர்களா?


வோல்கா_டாக்டர்

ஆமாம், 18-ஆம் நூற்றாண்டில் கேத்தரின் அரசி விவசாயம் செய்யக் கூப்பிட்டுக் குடியேற்றியவர்கள். அவர்களுக்கென்று வோல்கா கரையில் ஒரு தன்னாட்சிக் குடியரசே இருந்தது. ஹிட்லர் படையெடுத்ததும், 1941 ஆகஸ்ட் 28-ல் ஓர் ஆணை: எல்லோரையும் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ஏற்று. பிறகு ஆண்களை ‘உழைப்புப் படை’ என்று மரம் வெட்டவும் சுரங்கத்துக்கும் அனுப்பினார்கள். 1942 அக்டோபரில் பெண்களையும் சேர்த்தார்கள், 16 வயதிலிருந்து 45 வரை. கர்ப்பிணிக்கும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ளவளுக்கும் மட்டும் விலக்கு. குழந்தைக்கு மூன்று வயது முடிந்தால்? உறவினரிடம் விடணும், யாரும் இல்லாவிட்டால் ஜெர்மன் கூட்டுப்பண்ணை பார்த்துக்கொள்ளும் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. நீதிமன்றம் கிடையாது, தண்டனைக் காலம் கிடையாது. இனம்தான் குற்றம்.

அந்தக் குடியரசைத் திருப்பித் தரவே இல்லை. நாட்டை விட்டுப் போக வழி திறந்ததும் பெரும்பாலோர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். பேராசிரியை போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.


செந்தோழன்

அது போர்க்காலம் அம்மா. அமெரிக்காவும் ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தது. அதை நியாயப்படுத்தவில்லை, சூழலைச் சொல்கிறேன். 1956-க்குப் பிறகு கட்சியே தவறுகளை ஒப்புக்கொண்டு, அப்போது பெயர்த்து அனுப்பிய செச்சேன்கள், இங்குஷ்கள், கல்மிக்குகள் எல்லோரையும் திரும்ப வரவிட்டது.


துருவன்

கொரியர்களை ஏற்றியது 1937-ல் ஐயா, போருக்கு முன்னால். தூரக்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 1 லட்சத்து 72 ஆயிரம் பேரை மத்திய ஆசியாவுக்கு ரயிலில் அனுப்பினார்கள். முழு இனத்தையும் ஒட்டுமொத்தமாகப் பெயர்த்தது அதுதான் முதல் முறை. இன்றைக்கு ரஷ்யாவில் எந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் ‘கொரிய கேரட்’ என்று ஒரு சாலட் டப்பாவில் இருக்கும். கொரியாவில் அப்படி ஒரு பதார்த்தம் கிடையாது. கிம்ச்சி போட முட்டைக்கோஸ் கிடைக்காத இடத்தில் கேரட்டை வைத்து ஒப்பேற்றியது. வாங்கித் தின்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ரயில் தெரியும்?

திரும்ப விட்டதைப் பற்றி: 1944 பிப்ரவரி 23-ல் தொடங்கிச் சில நாட்களில் செச்சேன், இங்குஷ் மக்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேரைக் கொண்டுபோனார்கள். 1948 நவம்பரில், இந்த இடமாற்றம் ‘என்றென்றைக்கும்’, குடியிருப்பை விட்டு ஓடினால் 20 வருடக் கடுங்காவல் என்று ஆணை. 1957-ல் அவர்கள் குடியரசை மீட்டுக் கொடுத்தார்கள், சரி. ஆனால் இங்குஷ்களின் பிரிகரத்னி மாவட்டத்தை மட்டும் பக்கத்துக் குடியரசான வடக்கு ஒசேத்தியாவிடமே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த இங்குஷ் குடும்பம் தன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவரிடம் பேச்சு வார்த்தை நடத்தணும். உள்ளே இருப்பவரையும் அரசு கொண்டுவந்துதான் குடிவைத்தது. 1992 இலையுதிர் காலத்தில் அது ரத்தக்களரியாக வெடித்து, பல்லாயிரம் இங்குஷ்கள் இரண்டாம் முறை துரத்தப்பட்டார்கள். கிரிமியத் தாத்தார்களோ ஊர் திரும்ப 1980-களின் கடைசி வரை காத்திருந்தார்கள்.


நெறியாளர்

இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். நம் ஊர் அரசியல் தலைவர்களைத் திட்டுவதற்கு வேறு இழைகள் ஏராளமாக உள்ளன. இங்கே ரஷ்யாவைப் பேசுவோம்.


தாஷ்கண்ட்_சாலை

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். மாஸ்கோவுக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் தளப் பொறியாளராக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

எங்கள் தளத்தில் ரஷ்ய எலக்ட்ரீஷியன்கள், கிரேன் ஓட்டுநர்கள் கொஞ்சம் பேர். கம்பி கட்டுவது, கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் எல்லாம் உஸ்பெக், தாஜிக், கிர்கிஸ். தங்குவது தளத்திலேயே, ‘பிதோவ்கா’ என்ற தகரப் பெட்டி. இரண்டடுக்குக் கட்டில், நடுவில் மின்சார ஹீட்டர், அதன்மேல் எப்போதும் காயும் கையுறைகள். பனிக்காலத்தில் சுவரோரம் படுப்பவன் தலைமாட்டில் உறைபனி படிந்திருக்கும்.

ஒவ்வொருவன் பாஸ்போர்ட்டுக்குள்ளும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டுச் சீட்டு இருக்கும், வேலை அனுமதிக்கு மாதாமாதம் கட்டிய பணத்தின் ரசீதுகள். இந்த அனுமதியை ‘பதேந்த்’ என்பார்கள். 2015-லிருந்து விசா இல்லாமல் வரும் உஸ்பெக், தாஜிக் ஆட்களுக்கு இதுதான் விதி. வந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். ரஷ்ய மொழி, வரலாறு, சட்டம் மூன்றிலும் தேர்வு. மாஸ்கோவில் இதற்கான மையம் சகாரவோ என்ற இடத்தில், நகர மையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். அப்புறம் மாதக் கட்டணம், மாஸ்கோவில் 2025-ல் 8,900 ரூபிள். கட்ட ஒரு நாள் தாமதமானாலும் அனுமதி காலி, முதலிலிருந்து தொடங்கணும். எந்த மாகாணத்தில் வாங்கினானோ அங்கே மட்டும்தான் செல்லும். மாஸ்கோ நகரத்தில் வாங்கியவன் சாலையைக் கடந்து மாஸ்கோ மாகாணத்தில் செங்கல் தூக்கினால் சட்டமீறல். எங்கள் தளம் சரியாக அந்த எல்லையில்! கிர்கிஸ்காரர்களுக்கு மட்டும் யூரேசியப் பொருளாதாரக் கூட்டமைப்பால் இந்தத் தலைவலி இல்லை.

சம்பளம் மேஸ்திரி கையில் மொத்தமாகப் போகும், அவன் பிரித்துக் கொடுப்பான். ஒப்பந்தத்தில் பாதிப் பேர் பெயரே இருக்காது. ஒருமுறை பூச்சு வேலைக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கேட்கத் தொடங்கிய வாரத்தில் போலீஸ் சோதனை வந்தது. யார் தகவல் கொடுத்தார்கள் என்று எனக்கு நிரூபிக்க முடியாது, ஆனால் தளத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் மேலிடத்தில் கேட்டேன். ‘உனக்கு உன் விசா முக்கியமா இல்லையா’ என்று திருப்பிக் கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.


கணக்குப்புலி

தாஷ்கண்ட் அண்ணன் சொன்ன கட்டணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. இந்த முறை வந்த புதிதிலேயே, எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து வருவதைவிட அனுமதிக் கட்டணத்தில் அதிகம் வருகிறது என்று மாஸ்கோ மேயர் சோபியானின் பெருமையாகச் சொன்னார். ஆக நகராட்சிக்கு அவர்கள் வேண்டும். தேர்தல் நேரத்தில் அவர்களைத் திட்டவும் வேண்டும்.

துருவனுக்குச் சாதகமான ஒரு செய்தியை நானே தருகிறேன். 2021-ல், கொரோனாவால் புலம்பெயர் தொழிலாளர் வரத்து குறைந்தபோது, ரஷ்யச் சிறைத்துறைத் தலைவராக இருந்த கலாஷ்னிகோவ், அவர்களுக்குப் பதில் சிறைக் கைதிகளை வேலைக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். ‘இது குலாக் ஆக இருக்காது’ என்று அவரே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டார். யாரும் கேட்பதற்கு முன்பே! சட்டமும் தயாராக இருந்தது. 2017-லிருந்து ‘கட்டாய உழைப்பு’ என்று ஒரு தண்டனை நடைமுறையில் இருக்கிறது. சிறைக்குப் பதில் சீர்திருத்த மையத்தில் தங்கி வேலைக்குப் போகலாம், கூலியில் 5 முதல் 20 சதவீதம் அரசுக்கு. பைக்கால்–அமூர் ரயில் பாதை விரிவாக்கத்துக்குக் கைதிகளை அனுப்பும் பேச்சும் அப்போது அடிபட்டது. அந்தப் பாதைக்கு 1930-களிலேயே தனி முகாம் இருந்தது நினைவிருக்கட்டும்.

இருந்தாலும் என் வாதத்தை விட மாட்டேன். சம்பளம், விடுப்பு, ஃபோன் எல்லாம் உள்ள சீர்திருத்த மையத்தையும் கோலிமாவின் குலாக் முகாம்களையும் ஒன்றாகப் பேசினால் கோலிமாவில் செத்தவனுக்குத்தான் அவமரியாதை.


வோல்கா_டாக்டர்

சீர்திருத்த மையம் சரி. பெண்கள் சிறைக்கு வாருங்கள். 2013 செப்டம்பரில் ‘புஸ்ஸி ரயட்’ இசைக்குழுவின் நதேஷ்தா தலகோன்னிகவா மொர்தோவியா சிறையிலிருந்து பகிரங்கக் கடிதம் எழுதி உண்ணாவிரதம் இருந்தாரே. போலீஸ் சீருடை தைக்க ஒரு நாளைக்கு 16, 17 மணி நேரம், தூக்கம் நான்கு மணி நேரம், அளவு முடிக்காவிட்டால் முழுப் பிரிவுக்கும் தண்டனை என்று எழுதினார். மொர்தோவியாவின் அந்தப் பகுதியில் 1930-களின் தொடக்கத்திலிருந்தே முகாம்கள். பெயர் மாறியது, தையல் இயந்திரம் வந்தது. ஒருத்தி அளவு முடிக்காததற்கு மற்றவர்களைத் தண்டிப்பது என்ற உத்தி புதிதா? குலாகில் சாப்பாட்டையே வேலை அளவுக்கு ஏற்பத்தான் கொடுத்தார்கள். அளவு குறைந்தால் ரொட்டி குறையும், ரொட்டி குறைந்தால் மறுநாள் அளவு இன்னும் குறையும்.

சிறைக்கு வெளியேயும் பாருங்கள். மாஸ்கோவின் கல்யானவோ பகுதியில் ஒரு மளிகைக் கடையிலிருந்து 2012-ல் சமூக ஆர்வலர்கள் சிலரை மீட்டார்கள். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பெண்கள். வருடக்கணக்கில் சம்பளமில்லை, அடி, பாஸ்போர்ட் கடைக்காரர் கையில். ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் அடிமை உழைப்புக்கென்று 2003-லிருந்தே தனிப் பிரிவு உண்டு. வழக்குப் பதிந்தார்கள், சீக்கிரமே மூடினார்கள். 2024 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யா தவறியது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் ரஷ்யா அந்த நீதிமன்ற ஏற்பாட்டை விட்டே வெளியேறிவிட்டது.


செந்தோழன்

இதெல்லாம் தனியார் கடைக்காரன் செய்த கொடுமை. அரசுக் கொள்கை என்று எப்படிச் சொல்வீர்கள்?


துருவன்

கடைக்காரன் செய்த கொடுமைதான் ஐயா. அந்தப் பெண்கள் தப்பி ஓடிப் போலீசிடம் போனால் போலீஸ் முதலில் என்ன கேட்கும்? ‘பதிவு எங்கே?’ அந்தக் கேள்விதான் கடைக்காரனின் பூட்டு. பூட்டைச் செய்து கொடுத்தது அரசு.

இது இனம் பார்த்து மட்டும் நடப்பதும் இல்லை. தெற்கு ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியில், செங்கல் சூளைகளில் அடிமைபோல மாட்டிக்கொண்டவர்களில் நிறையப் பேர் ரஷ்யக் குடிமக்களே. வேலை தேடி மாஸ்கோ ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவனிடம் ‘தெற்கே கடலோரம் நல்ல வேலை’ என்று பேசிப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். 2011-லிருந்து ‘அல்தெர்நாதிவா’ என்ற தன்னார்வ அமைப்பு அவர்களை மீட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கேட்ட அரசுக் கொள்கைக்கு வருகிறேன். 1991 அக்டோபர் சட்டப்படி, ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், பெற்றோர் முன்பு வாழ்ந்த ஊருக்குத் திரும்பலாம், வீடு கிடைக்கும். பின்னால் பொறுப்பை மாகாணங்களிடம் தள்ளினார்கள், நிபந்தனைகள் முளைத்தன. அப்படி ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளான மூன்று பெண்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். 2019 டிசம்பரில் அவர்கள் பக்கம் தீர்ப்பு. அதற்கு அரசு கொண்டுவந்த மசோதா என்ன சொன்னது? பொது வீட்டு வரிசையில் போய் நில்லுங்கள். வரிசை நகரப் பத்திருபது வருடம் ஆகும். அப்போதே அந்தப் பெண்களுக்கு ஏறக்குறைய எழுபது வயது. இதையெல்லாம் ஆவணப்படுத்திக்கொண்டிருந்த மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் கலைத்தது. மாஸ்கோ குலாக் அருங்காட்சியகத்தை 2024 நவம்பரில் தீயணைப்புப் பாதுகாப்பு சரியில்லை என்று மூடினார்கள்.


செந்தோழன்

அருங்காட்சியகத்தை மூடியது தவறு. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இன்றைய ரஷ்யாவை சோவியத்தின் வாரிசு என்று நீங்கள் பேசுவதை ஏற்க மாட்டேன். அரண்மனை வாங்கும் பணக்காரர்களுக்கும் தேவாலயப் பாதிரிகளுக்கும்தான் இது வாரிசு.


கணக்குப்புலி

துருவன், கடைசியாக ஒன்று. முகாம்களில் அரசியல் கைதிகள் அதிகம் இருந்த பகுதிகள் இன்றைக்குக் கூலியிலும் படிப்பிலும் மேலாக இருக்கின்றன என்று பொருளாதார ஆய்வு ஒன்று உண்டு. பொறியாளர், ஆசிரியர், டாக்டர் என்று படித்தவர்களாகப் பார்த்துப் பிடித்துப்போனார்கள். விடுதலையானவர்கள் அங்கேயே தங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆக மரபு என்பது ஒரே திசையில் போவதில்லை.


வோல்கா_டாக்டர்

நல்ல ஆய்வு. படித்தவர்களைப் பிடித்துப் போகாமல் விட்டிருந்தால் அவர்களுடைய சொந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதையும் அதே ஆய்வாளர்கள் கணக்குப் போட்டால் படிக்கிறேன்.


தாஷ்கண்ட்_சாலை

2024 மார்ச் 22-ல் மாஸ்கோ ஓரத்தில் உள்ள குரோகஸ் இசை அரங்கத்தில் தாக்குதல் நடந்தது. நூற்று நாற்பதுக்கு மேல் செத்தார்கள். சுட்டவர்கள் தாஜிக்குகள் என்று தெரிந்ததும் தளத்தில் நிலைமை தலைகீழ். தாஜிக் பையன்கள் கடைக்குக்கூடப் போகவில்லை, ரொட்டி வாங்கி வரச் சொல்லி என்னிடம் காசு கொடுத்தார்கள். சிலர் தங்களை உஸ்பெக் என்று சொல்லிக்கொண்டார்கள். அதன்பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 2025 பிப்ரவரியிலிருந்து ‘கண்காணிக்கப்படுவோர்’ பதிவேடு, அதில் பெயர் ஏறினால் வங்கிக் கணக்கு முதல் கல்யாணம் வரை தடை. ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளியின் குழந்தை ரஷ்ய மொழித் தேர்வில் தேறினால்தான் பள்ளியில் இடம். செப்டம்பரிலிருந்து மாஸ்கோவிலும் மாகாணத்திலும் விசா இல்லாமல் வந்த தொழிலாளிகள் ‘அமினா’ என்ற செயலியை ஃபோனில் வைத்து, எங்கே இருக்கிறார்கள் என்பதை அரசுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கணும்.

குடியுரிமை வாங்கிவிட்டால் தப்பிக்கலாமா என்றால் அதிலும் மாட்டுவான். ராணுவப் பதிவுக்குப் போகாத புதுக் குடிமக்களைத் தேடிப் பிடித்து, 20 ஆயிரம் பேரைப் போர்முனைக்கு அனுப்பியதாக விசாரணைக் குழுத் தலைவர் பஸ்திரிகினே 2025-ல் சொன்னார்.


பழையபேட்டை

அண்ணே, எதற்குக் கேட்டேன் என்றால், எங்கள் பக்கத்தில் ஏஜென்ட் ஒருவர் ரஷ்யாவுக்கு ஆள் எடுக்கிறார். தெரு கூட்டும் வேலை, பேக்டரி வேலை என்கிறார். சித்தப்பா மகன் பணம் கட்டத் தயாராக இருக்கிறான். நம் ஆட்களுக்கும் அந்தப் பதேந்த் சீட்டுதானா?


தாஷ்கண்ட்_சாலை

இல்லை தம்பி. பதேந்த் விசா இல்லாமல் வரக்கூடிய நாட்டு ஆட்களுக்கு. இந்தியர்களுக்கு வேலை விசாவும் தனி வேலை அனுமதியும் வேண்டும். அதில் எந்தக் கம்பெனி என்று எழுதியிருக்கும். உஸ்பெக்காரன் பிடிக்காவிட்டால் அடுத்த தளத்துக்குப் போய்விடுவான். உன் சித்தப்பா மகன் போக முடியாது, வேலையை விட்டால் விசாவும் போச்சு. ரஷ்யர்களுக்கு இந்தியர்களைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு அரசுகளும் 2025 டிசம்பரில் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அதனால் ஏஜென்ட்கள் இன்னும் பெருகுவார்கள்.

ஏஜென்ட்டுக்கு வெளியுறவுத் துறை லைசென்ஸ் உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் முதலில் பார்க்கச் சொல். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பணமே கட்டாதே. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உதவியாள் வேலை, சமையல் வேலை என்று போய், ரஷ்ய மொழிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, அது ராணுவ ஒப்பந்தம் என்று பிறகு தெரிந்து போர்முனையில் செத்தவர்கள் இருக்கிறார்கள். புரியாத மொழியில் எந்தக் காகிதம் வந்தாலும் ஃபோட்டோ எடுத்து அனுப்பாமல் கையெழுத்துப் போடக் கூடாது. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. பிரதியை இப்போதே வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.


வோல்கா_டாக்டர்

தம்பி, ஒப்பந்தத்தின் ரஷ்யப் பிரதி வந்தால் எனக்குத் தனிமடல் போடு. படித்துச் சொல்கிறேன். கம்பெனி பெயரும் முகவரியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடு.